எரியும் முன்பே பேசலாம்
மும்பையை அடுத்த விசைத்தறி நகரம் பிவண்டி. 1970-லும் 1984-லும் மதக் கலவரத்தில் எரிந்த ஊர். எண்பதுகளின் இறுதியில் போலீஸ் அதிகாரி சுரேஷ் கோப்டே அங்கே பேட்டைதோறும் மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். இந்துக்கள், முஸ்லிம்கள், கான்ஸ்டபிள்கள் ஒன்றாக உட்கார்ந்து சில்லறைத் தகராறுகளைப் பேசினார்கள். வதந்தி கிளம்பினால் யாரிடம் விசாரிப்பது என்பது தெரிந்துபோனது.

1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அந்த மாதமும் அடுத்த ஜனவரியிலும் நடந்த மும்பைக் கலவரங்களில் பலியானவர்கள் 900 பேர் என்றது ஸ்ரீகிருஷ்ணா கமிஷன். பிவண்டி அமைதி காத்தது. அதன் பிறகே மும்பையிலும் இத்தகைய கமிட்டிகள் முளைத்தன.

இரு ஊர்களும் சூடுபட்டுத்தான் கற்றன. பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேச மற்ற ஊர்களும் கலவரத்துக்குக் காத்திருக்க வேண்டுமா?