கோவைச் செய்தியைக் கோவையில் இருந்து வாசிக்கக் கூடாதா?

போன மழையின்போது நடந்தது இது. சாயங்காலம் ஏழு மணி. ஒப்பணக்கார வீதி. மழைக்கு ஒதுங்க ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்தேன். சுவரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

சென்னையில் வேளச்சேரியில் தண்ணீர் தேங்கி நிற்கிறதாம். முழங்கால் ஆழமாம். நிருபர் பேண்டை மடக்கிவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்று சொன்னார். அரை மணி நேரம் அதே காட்சிதான்.

கடைக்காரருக்கு வேளச்சேரியைப் பற்றிக் கவலை இல்லை. "ஏனுங்க, லங்கா கார்னர்ல பஸ் போகுதுங்களா? கடைப் பசங்க ரயில் புடிக்கோணும்" என்று வந்தவர் போனவரை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

டி.வி. அதைச் சொல்லவில்லை. செல்போனில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். பாலத்துக்கு அடியில் பஸ் மூழ்கி நிற்கிற படம் ஒன்றும் வந்தது. அது எந்தக் காலத்துப் படமோ! கடைசியில் ஒரு பையன் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "போகுதுங்க!"

மில்லும் பவுண்டரியும் மோட்டார் பம்பும் காலேஜும் நிறைந்த ஊர் இது. கால் மைல் தூரத்துச் சேதி தெரிய ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது!

டி.வி. பிறந்தது சென்னையில்

சென்னையில் டெலிவிஷன் நிலையம் திறந்தது 1975 ஆகஸ்ட் 15-ந் தேதி. அப்போது அவசர நிலை அமலில் இருந்தது. பத்திரிகைகளுக்கே தணிக்கை. சர்க்கார் டி.வி.யில் என்ன செய்தி வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மந்திரி அடிக்கல் நாட்டினார், மந்திரி ரிப்பன் வெட்டினார், மந்திரி பேசினார்.

அதைப் பார்க்கும் பாக்கியமும் சென்னைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும்தான். கோயம்புத்தூர்க்காரர் பார்க்க வேண்டுமானால் ரயிலேறிப் போய் ஒறம்பரை வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நமக்கு ரேடியோதான். கோவை வானொலி 1966-ல் வந்துவிட்டது. நாட்டு நடப்புக்கு டெல்லியில் இருந்து சரோஜ் நாராயணசுவாமியின் குரல். அந்தக் கணீர்க் குரலைக் கேட்டு கடிகாரத்தைத் திருத்தி வைத்தவர்கள் உண்டு.

டி.வி. நம்ம பக்கம் எட்டிப் பார்த்தது எண்பதுகளில். 1983-ல் இன்சாட் 1பி மேலே போனது. 1984-ல் நாடு முழுக்க நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் சின்னச் சின்ன டிரான்ஸ்மிட்டர்களை நட்டார்கள். சாலிடேர், டயனோரா என்று பொட்டிகள் வந்து இறங்கின. போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்டினோம். மொட்டை மாடியில் ஆன்டனா கட்டினோம். பொழுதோட பொட்டியைத் திறந்தால்... இந்தி!

அந்தச் சின்ன டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் வானத்தில் இருந்து டெல்லி நிகழ்ச்சியைப் பிடித்து அப்படியே கொடுப்பவை. சென்னை நிலையத்தோடு அவற்றுக்குக் கம்பித் தொடர்பும் இல்லை, காற்றுத் தொடர்பும் இல்லை. தமிழ்நாட்டில் உட்கார்ந்து தமிழ்ச் செய்தி பார்க்க முடியாத கூத்து அது. எங்கள் தெருவில் முதலில் டி.வி. வாங்கிய வீட்டு ஆத்தா, செய்தி ஓடும்போது "இவிய என்ன கண்ணு சொல்றாங்க?" என்று பேரனைக் கேட்பார். பேரனுக்கும் தெரியாது. "எதோ மீட்டிங்குங்காத்தா" என்பான். முக்கால்வாசி நாள் அது சரியாகத்தான் இருந்தது!

தென் மாவட்டத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1982-ல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியதும் மூங்கிலையும் பைப்பையும் சேர்த்துக் கட்டி, ஆன்டனாவைக் கடல் பக்கம் திருப்பி, கொழும்பில் இருந்து தமிழ்ச் செய்தி பார்த்தார்கள். சொந்த நாட்டு டி.வி. தமிழில் பேசாதபோது பக்கத்து நாட்டு டி.வி. பேசியது.

கொடைக்கானல் பார்த்த ஆன்டனா

எண்பதுகளின் பின்பாதியில் கொடைக்கானல் மலை மேல் பெரிய டிரான்ஸ்மிட்டர் வந்தது. கொங்கு நாட்டு மாடிகளில் எல்லா ஆன்டனாவும் அந்தப் பக்கம் திரும்பியது. காற்றடித்தால் ஒருத்தர் மேலே, ஒருத்தர் வாசலில், ஒருத்தர் பொட்டி முன்னால். "இப்பத் தெரியுதா?" "இல்லீங்!" "இப்ப?" "இன்னுஞ் சித்த!" இந்தக் கூச்சல் கேட்காத வீதி இல்லை.

அப்புறம்தான் சென்னைத் தமிழ்ச் செய்தி ஒழுங்காக வீட்டுக்குள் வந்தது. ஷோபனா ரவி என்ன புடவை கட்டியிருக்கிறார் என்று பார்க்கவே செய்தி பார்த்தவர்கள் இருந்தார்கள். அதே புடவையை மறுநாள் கடையில் கேட்டார்கள் என்று ஜவுளிக்காரர்கள் சொல்வார்கள். வரதராஜன், சந்தியா ராஜகோபால், பாத்திமா பாபு என்று ஒவ்வொருவருக்கும் ரசிகர்கள். வாசித்தவர்களில் நம்ம ஆள் ஒருவரும் உண்டு. கவிஞர் ஈரோடு தமிழன்பன். சென்னிமலையில் பிறந்தவர், 2004-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர். தறிச் சத்தம் கேட்கிற ஊரில் பிறந்தவரின் தமிழ் சென்னை டி.வி.யில் கேட்டது நமக்குப் பெருமைதான்.

ஆனால் ஒன்று பாருங்கள். வாசித்தவர் சென்னிமலை. வாசிக்கப்பட்ட செய்தியில் சென்னிமலை எத்தனை நாள் வந்தது?

வராததற்குக் காரணம் விரோதம் அல்ல. தூரம். அந்த ஆரம்ப காலத்தில் செய்திப் படத்தை சினிமா மாதிரி பிலிம் சுருளில்தான் எடுத்தார்கள். கோவையில் ஒரு தீ விபத்து என்றால் சுருள் ராத்திரி ரயிலேறி சென்னை போக வேண்டும். அங்கே கழுவி, வெட்டி, ஒட்டி, ஒளிபரப்புவதற்குள் இங்கே சாம்பலே ஆறிப் போயிருக்கும். டேப் வந்தது, தூரம் குறையவில்லை. இப்போது செல்போனிலேயே படம் நொடியில் சென்னை போய்விடுகிறது. தூரம் ஒழிந்தது. பழக்கம் ஒழியவில்லை!

செய்தி தாமதமானால் என்ன ஆகும் என்பதை 1984 அக்டோபர் 31 காட்டியது. இந்திரா காந்தி சுடப்பட்டது காலை ஒன்பதரை மணிக்குள். டெல்லி டி.வி. மரணத்தைச் சொன்னது சாயங்காலம். நடுவில் பி.பி.சி. சொல்லிவிட்டது. ஊரெல்லாம் வதந்தி. பிரதமர் விஷயத்திலேயே இந்தக் கதி என்றால் லங்கா கார்னரை யார் சட்டை செய்யப் போகிறார்கள்?

திரைச்சீலையும் பிளாஸ்டிக் பூவும்

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு ஒயர் தொங்கியது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. ஆன்டனாவைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

அந்தக் கறுப்பு ஒயருக்குள்தான் இந்தப் பக்கத்தின் முதல் சொந்த டி.வி.யும் பிறந்தது. உள்ளூர் சேனல்! ஒரு ரூம். பின்னால் நீலத் திரைச்சீலை. மேஜை மேல் பிளாஸ்டிக் பூ. டியூஷன் டீச்சரோ காலேஜ் படிக்கிற பெண்ணோ தாளைப் பார்த்து வாசிக்கும். நடுவில் இருமல் வரும். படம் ஒரு பக்கம் ஓடும், செய்தி ஒரு பக்கம் ஓடும்.

ஆனால் செய்தி நம்ம செய்தி! சத்தி ரோட்டில் பைப் உடைந்தது. மில் கேட்டில் கூட்டம். கோனியம்மன் தேர் ராஜ வீதியில் திரும்புவது. மருதமலைத் தைப்பூசம். முனிசிபல் ஸ்கூல் ஆண்டு விழாவில் ஆடிய குழந்தையின் பாட்டி, வீதி முழுக்கக் கதவைத் தட்டி "எம்பட பேத்தி வர்றா, பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். டெல்லி டி.வி.யோ சென்னை டி.வி.யோ ஒரு நாளும் அந்தக் கதவைத் தட்ட வைத்ததில்லை.

குறையும் நிறைய. விளம்பரம் கொடுக்கிற நகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம் முக்கியச் செய்தியாக வரும். கவுன்சிலர் முகம் கோணினால் சாக்கடைச் செய்தி காணாமல் போகும். 1995-ல் கேபிள் சட்டம் வந்தது. ஆபரேட்டர் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். செய்தியின் தரத்தை யாரும் கேட்கவில்லை.

நன்றாக நடத்தியவர்கள் மேலே போனார்கள். சேலத்தில் கேபிள் சேனலாக இருந்த பாலிமர் 2009-ல் சாட்டிலைட் ஏறி தமிழ்நாடு முழுக்கத் தெரிய ஆரம்பித்தது. திறமை. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மேலே ஏறியவருக்கு மாநிலம் முழுக்கக் கணக்கு. ஒரு வீதியின் கணக்கு பார்க்க முடியாது. மேலே ஏறாதவர்களை செட்டாப் பாக்ஸ் பார்த்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான நம்பருக்கு நடுவில் நம்ம ஊர்ச் சேனல் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் செய்தி முடிந்துவிடும். பழைய டிரான்ஸ்மிட்டர்களையும் தூர்தர்ஷன் 2022 மார்ச்சுக்குள் நாடு முழுக்க அநேகமாக மூடிவிட்டது. சென்னை நிலையத்தின் சேனல் பொதிகையாகி, 2024 ஜனவரி 19 முதல் டி.டி. தமிழ் ஆகியிருக்கிறது. பேர் மாறியது. வாசிக்கிற ஊர் மாறவில்லை.

இது பொழுதுபோக்கு விஷயம் அல்ல

"ஊர்ச் சேதி தெரியாட்டி என்ன குடி முழுகிப் போகுதா?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு தேதி சொல்கிறேன்.

ஒன்று, 1998 பிப்ரவரி 14. குண்டு வெடிப்பில் 58 பேர் செத்த நாள். அன்றைக்கு வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத் தெரிய வேண்டியது என்ன? எந்த ரோடு திறந்திருக்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் யார் பேர் எழுதியிருக்கிறது, ரத்தம் கொடுக்க எங்கே போக வேண்டும். சென்னைச் செய்தியும் டெல்லிச் செய்தியும் கொடுத்தது எண்ணிக்கை. மீதியை வதந்தி கொடுத்தது. வதந்தி என்ன செய்யும் என்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு, 2023 மார்ச் மாதம். பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று போலி வீடியோ கிளம்பியது. திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் பயந்துபோய் ரயிலேறினார்கள். பீகாரில் இருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. போலீஸ் இந்தியில் பேசி வீடியோ போட்டது. திருப்பூரில் இருந்தே தமிழிலும் இந்தியிலும் தினம் செய்தி சொல்ல, ஜனங்கள் நம்புகிற ஒரு முகம் முன்பே இருந்திருந்தால் அந்தப் பொய் அவ்வளவு தூரம் ஓடியிருக்குமா?

கலவரம் இல்லாத நாளிலும் கதை அதேதான். அத்திக்கடவு - அவினாசித் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கினார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர். அறுபது வருஷக் கோரிக்கை. விழாவை எல்லா டி.வி.யும் காட்டியது. சரி. மறுநாள்? எந்தக் குளத்துக்குத் தண்ணீர் வந்தது, எந்தக் குளத்துக்கு வரவில்லை, ஏன் வரவில்லை? அந்தக் குளக்கரையில் இருக்கிறவனுக்கு அதுதான் தலைப்புச் செய்தி. சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது செய்தியே அல்ல. ஒத்தக்கால்மண்டபம் என்ற பேரைத் தடுக்காமல் வாசிக்கவே அவர்கள் மூச்சு வாங்குகிறார்கள்!

யூடியூப் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. நல்ல பையன்களும் அதில் இருக்கிறார்கள். ஆனால் தப்பாகச் சொன்னால் யாரைக் கேட்பது? எந்த ஆபீசில் போய் நிற்பது? போன வாரம் ஒரு பேர், இந்த வாரம் இன்னொரு பேர்.

பத்து நிமிஷம் போதும்

தூர்தர்ஷனுக்குக் கோவையில் இடம் இருக்கிறது. வானொலி நிலையம் இருக்கிறது. நம்ம பேச்சு தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாக மலை மேல் டவர் கட்டச் சொல்லவில்லை. கோடிக்கணக்கில் பணமும் கேட்கவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குப் பத்து நிமிஷம், கொங்குச் செய்தி மட்டும், கோவையில் இருந்தே வாசிக்க வேண்டும்.

அதில் மந்திரி வேண்டாம். சிறுவாணி, பில்லூர், ஆழியாறு, அமராவதி, பவானிசாகர் மட்டம் எவ்வளவு? நாளைக்கு எந்த ஏரியாவில் கரண்ட் இல்லை? ஈரோட்டு மஞ்சள் என்ன விலை? பொள்ளாச்சி தேங்காய் என்ன விலை? திருப்பூரில் நூல் ஏறியதா இறங்கியதா? மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிவு உண்டா? காலையில் பரவின பொய்களில் எது பொய்? இவ்வளவுதான். படம் பிடிக்கச் செல்போன் போதும். வாசிப்பவர் இருமினாலும் பரவாயில்லை.

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, நாமக்கல், கரூர், சேலம் என்று எட்டு எம்.பி. தொகுதி நம்ம பக்கம். எட்டுப் பேரும் கட்சியை மறந்து டெல்லியில் ஒரு நாள் ஒரே கேள்வியைக் கேட்டால் மந்திரி எழுந்து பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓட்டுக் கேட்டு வரும்போது கடைக்காரர்கள் இதைக் கேட்கலாம். டீயும் கொடுத்துக் கேளுங்கள், தப்பில்லை.

பழைய கேபிள் ஆபரேட்டர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கால உள்ளூர்ச் செய்தி கேசட்டுகளை, மேலேயே சினிமா பதிந்து அழித்தது போக, மிச்சம் ஏதாவது பரணில் கிடக்கும். பூஞ்சை பிடிப்பதற்குள் எடுத்து, தெரிந்த காலேஜ் லைப்ரரியில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தத் தேரும், அந்த மில் கேட்டும், பாட்டி கதவைத் தட்டிச் சொன்ன அந்தப் பேத்தியின் ஆட்டமும் வேறு எங்கேயும் கிடையாது.