கூத்துக்காரருக்கு ஒரு பொட்டல் வேண்டும்

தோல்பாவைக்கூத்துக் குடும்பம் ஒன்று ஓர் ஊருக்கு வந்து இறங்கியதும் முதலில் தேடுவது இடத்தை. நாலு கம்பு நட்டுக் கொட்டகை போட ஒரு பொட்டல், கூப்பிடு தூரத்தில் தண்ணீர், விளக்குக்கும் மைக்குக்கும் மின்சாரம் கொடுக்க மனமுள்ள ஒரு வீடு, பெண்பிள்ளைகள் பயமில்லாமல் படுத்தெழ ஓர் ஒதுக்குப்புறம். இவ்வளவும் கிடைத்துவிட்டால் பாதிக் கூத்து முடிந்த மாதிரி. மீதிப் பாதிக்குத் தேவையான ராமன், சீதை, அனுமன், பத்துத் தலை ராவணன் எல்லோரும் பெட்டிக்குள் தயாராகவே இருக்கிறார்கள்.

நாட்டுப்புறக் கலை அழிகிறது என்று எழுதும்போதெல்லாம் பழியைத் தொலைக்காட்சி மீதும் செல்பேசி மீதும் போட்டுவிடுவது நமக்குப் பழகிப்போனது. அந்தப் பழியில் உண்மை இல்லாமல் இல்லை. 1987-88இல் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷன் ராமாயணம் ஓடியபோது, அதே கதையைத் தோலில் ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் கைபிசைந்து நின்றிருப்பார்கள். ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்குப் பார்வையாளர் குறைந்தது ஒரு நெருக்கடி என்றால், கால் ஊன்ற இடமில்லாமல் போனது அதைவிடப் பெரிய நெருக்கடி. முதலாவதை அரசால் அதிகம் மாற்ற முடியாது. இரண்டாவதை ஓர் ஊராட்சித் தீர்மானமே மாற்றிவிடும்.

தமிழ்நாட்டில் தோல்பாவைக்கூத்து நடத்துபவர்கள் பெரும்பாலும் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தினர். கன்னியாகுமரி, திருநெல்வேலி, மதுரை வட்டாரங்களில் பரவி வாழ்பவர்கள். வீட்டுக்குள் மராத்தி, திரைக்குப் பின்னால் தமிழ். ஆண்களின் பெயர்கள் ‘ராவ்’ என்று முடியும். 1676 முதல் 1855 வரை நீடித்த தஞ்சை மராட்டியர் ஆட்சியோடு இவர்களின் வருகையை இணைத்துப் பேசுவது வழக்கம். ஆய்வாளர்கள் அ.கா. பெருமாளும் மு. இராமசாமியும் இந்தக் கலையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியிராவிட்டால் நமக்குத் தெரிந்திருப்பது இதில் கால்வாசிகூட இருக்காது.

இது குடும்பமே சேர்ந்து செய்யும் தொழில். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாவையை ஆட்டுபவர் வீட்டுப் பெரியவர். ராமனின் நிதானம், சூர்ப்பணகையின் குழைவு, கும்பகர்ணனின் கொட்டாவி எல்லாம் அவர் ஒருவரின் தொண்டையிலிருந்தே வர வேண்டும். ஒரு கையில் ஒரு பாவை, மறு கையில் இன்னொன்று. வசனம் மாறும் நொடியில் குரலும் மாற வேண்டும். மனைவியோ மகளோ ஆர்மோனியத்தில் இருப்பார். மகனோ மருமகனோ மிருதங்கத்தில். கைத்தாளத்தோடு பின்பாட்டும் பாடுவது இன்னொருவர். அடுத்த காட்சிக்கு வேண்டிய பாவைகளை வரிசை மாறாமல் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் ஒரு சிறுவன்தான். தொழில் அவனுக்குள் இறங்குவதும் அங்கேதான். கதை கொஞ்சம் தொய்ந்தால் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையில் குதித்துவிடுவார்கள். அந்த இரண்டு கோமாளிகளும் அன்று காலை ஊரில் நடந்த சண்டை முதல் டீக்கடைக் கடன் வரை இழுத்துப் பேசுவார்கள். அதற்காகவே கூத்துக்காரர் பகலில் ஊருக்குள் நடந்து காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பகல் என்றால் ஓய்வு என்று நினைக்க வேண்டாம். ஊர்த் தலைவரைப் பார்க்க வேண்டும், காவல் நிலையத்துக்கு ஒரு நடை, அரிசி பருப்பு வாங்க ஒரு நடை. இரவில் அறுந்த மூட்டுகளைப் பகலில்தான் கட்ட முடியும். பாவை ஆட்டுத்தோலில் ஆனது. தோலை ஊறவைத்து, மயிர் மழித்து, இழுத்துக் கட்டிக் காயவைத்து, உருவத்தை வரைந்து வெட்டி, நகைக்கும் ஆடைக்கும் சிறு உளியால் துளை துளையாகக் குத்திச் சாயம் ஏற்றுகிறார்கள். அந்தத் துளைகள் வழியாக விளக்கு வெளிச்சம் கசிந்தால்தான் திரையில் சீதையின் ஒட்டியாணம் மின்னும். கையும் முழங்கையும் தனித்தனித் துண்டுகள். நூலால் முடிந்த மூட்டுகள். நடுவில் பிளந்த மூங்கில் குச்சி பாவைக்கு முதுகெலும்பு. ஈரம் பட்டால் தோல் சுருளும், எலி கண்டால் கடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியில் படுக்கும் குடும்பம் முதலில் பெட்டிக்குத்தான் தார்ப்பாய் போடும், பிறகுதான் பிள்ளைகளுக்கு.

கூத்துப் பெட்டிக்கும் மழைக்கும் இருக்கும் உறவு விசித்திரமானது. மழை பெய்யாத ஊர்களில் ராமாயணக் கூத்து வைத்தால் வானம் திறக்கும் என்ற நம்பிக்கை தென்மாவட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. வறட்சிக் காலத்தில் ஊரே வரி போட்டுக் கூத்துக்காரரை அழைத்துவரும். பத்து நாள் கூத்தின் கடைசி இரவில் பட்டாபிஷேகம் நடக்கும்போது வேட்டி, துண்டு, அரிசி, பணம் என்று கொடுத்து அனுப்புவார்கள். இப்போது ஊரே திரண்டு கூப்பிடும் அழைப்புகள் அரிது. பத்து நாள் கூத்து மூன்று நாளாகவும் ஒரு நாளாகவும் சுருங்கியிருக்கிறது. கூட்டம் கலையாமலிருக்க இடையிடையே சினிமாப் பாட்டுக்கு ஆட வேண்டிய நிலையும் வந்தது. அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள், அந்தக் குடும்பம் அன்று உலை வைத்ததா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

பக்கத்து மாநிலங்களைக் கொஞ்சம் பார்ப்போம். கேரளத்தின் பாலக்காடு வட்டாரத்தில் தோல்பாவக்கூத்து பகவதி கோயில்களில் நடக்கிறது. பாடப்படுவது கம்பராமாயணம். அங்கே கூத்துக்கென்றே கோயில் வளாகத்தில் ‘கூத்துமாடம்’ என்ற நிரந்தர மேடை உண்டு. திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் வரிசையாக எரியும். எந்தக் கோயிலில் எப்போது கூத்து என்பதும் மரபாக முடிவானது. அந்த மரபில் வந்த கே.கே. ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆந்திரத்தின் நிம்மலகுண்டா கிராமத்தில் பாவைக் கலைஞர்கள் அதே தோலில் விளக்குக் கூடுகளும் அலங்காரப் பொருள்களும் செய்து விற்கிறார்கள். ஆந்திரத் தோல்பாவைக் கைவினைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அவ்வூரின் தளவாய் சலபதி ராவ் 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தைச் சேர்ந்த தொண்ணூறு வயது தாண்டிய பாவையாட்டக் கலைஞர் பீமவ்வாவுக்கு 2025இல் அதே விருது வந்தது.

விருதுக் கணக்குப் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கேரளத்தில் அந்தக் கலைக்கு ஒரு கூரை இருந்தது, நிம்மலகுண்டாவில் ஒரு சந்தை அமைந்தது. தமிழ்நாட்டு மண்டிகருக்கு வாய்த்தது சாலை மட்டுமே. சாலையில் நிற்பவரைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுப்புத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பாடியோ ஆடியோ வித்தை காட்டியோ காசு பெறுவதையும் பிச்சை என்ற வரையறைக்குள் அடக்கியது. டெல்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்த அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. தமிழ்நாட்டுக்கும் 1945ஆம் ஆண்டிலிருந்தே தனியாக ஒரு பிச்சையெடுப்புத் தடுப்புச் சட்டம் உண்டு. கழைக்கூத்தாடியோ பூம்பூம் மாட்டுக்காரரோ பாவைக்கூத்துக்காரரோ ஒரு தெருமுனையில் துண்டை விரித்தால் அது கலையா, பிச்சையா என்பதை அந்த நேரத்தில் அங்கே நிற்கும் காவலரின் மனநிலைதான் முடிவு செய்கிறது. அதே கலைஞரைப் பொங்கலுக்குச் சென்னைக்கு அழைத்து வந்து, வண்ண விளக்கு மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வருவதில்லை.

சென்னை சங்கமம் தேவையில்லை என்பது இதன் பொருளாகாது. 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் ‘நம்ம ஊரு திருவிழா’வாகத் திரும்பி வந்த அந்த விழா, கலைஞர்களுக்குச் சில நாள் வருமானமும் நகரத்தாரின் கவனமும் தருகிறது. ஆனால் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் சாப்பிட வேண்டும். விழா மேடையில் பத்து நிமிடத்துக்குள் ராவணன் விழ வேண்டும். பொட்டலில் அவன் விழப் பத்து நாள் ஆகும். கலையின் உயிர் அந்தப் பத்து நாளில் இருக்கிறது. அந்தப் பத்து நாளை எங்கே நடத்துவது?

முன்பு களத்துமேடு இருந்தது, மந்தை இருந்தது, கோயிலை ஒட்டிய வெளி இருந்தது. இப்போது பல ஊர்களில் மந்தையில் கட்டடம் வந்துவிட்டது, கோயில் வெளிக்குச் சுற்றுச்சுவர் எழும்பிவிட்டது. கிடைத்த இடத்திலும் அனுமதி ஒரு தனிக் கதை. ஒலிபெருக்கி வைக்க எழுத்து அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் அதை நிறுத்தியாக வேண்டும். விதி நியாயமானதுதான். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் வயல்வேலை முடித்து, சாப்பிட்டு, ஊர் வந்து உட்காரவே 9 மணியாகும் இடத்தில் கூத்துக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். விழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை விலக்கு அளிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு அதே விதிகளில் இருக்கிறது. அரசியல் செல்வாக்குள்ளவர் நடத்தும் கச்சேரிக்கு எளிதாகக் கிடைக்கும் சலுகையைக் கேட்கக்கூடத் தெரியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறது கூத்துக் குடும்பம்.

பிள்ளைகளின் படிப்பு பற்றி எழும் கேள்வி நேர்மையானது. ஊர் ஊராகத் திரியும் குடும்பத்தின் குழந்தை எங்கே படிக்கும்? இந்தத் தொழிலே வேண்டாம், ஒரே இடத்தில் குடியமர்த்திவிடலாமே என்பார்கள். பல மண்டிகர் குடும்பங்கள் ஏற்கெனவே அப்படிக் குடியமர்ந்து வேறு வேலைக்குப் போய்விட்டன. அது அவர்களின் உரிமை, யாரும் தடுக்கக் கூடாது. கலையைக் காப்பாற்றுவதற்காக ஒரு சிறுமி எட்டாம் வகுப்போடு நிற்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. அதே நேரத்தில் தொடர விரும்புபவர்களின் பிள்ளைகளுக்குச் சட்டம் வழி விட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, இடம் மாறும் குழந்தை வேறு பள்ளியில் சேரும் உரிமையைத் தருகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானது என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. இடம்பெயரும் குழந்தைகளுக்குப் பருவகால விடுதி வசதியும் அரசுத் திட்டங்களில் உண்டு. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போகும் குடும்பங்களை நினைத்து வகுத்ததைக் கூத்துக் குடும்பங்களுக்கும் சேர்த்துக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

இந்த விஷயத்தில் இன்னொரு முரணும் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தம், படிப்பு கெடாமல் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் குழந்தை நடிப்பதை அனுமதிக்கிறது, சர்க்கஸை மட்டும் விலக்குகிறது. உயரக் கயிற்றில் ஏறும் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்பதால் அந்தத் தடை சரி. ஆனால் பள்ளி விட்டு வந்து அப்பாவுக்கு அனுமன் பாவையை எடுத்துக் கொடுக்கும் பையனையும், கம்பத்தின் உச்சியில் சுழலும் குழந்தையையும் ஒரே கண்ணால் பார்த்துக் குடும்பத்தையே விரட்டுவது சட்டத்தைப் படிக்காத கோளாறு.

தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. கல்வி, திருமணம், விபத்து என்று உதவித்தொகைகள் தருகிறது. நாடோடிச் சமூகங்களுக்காக ஒன்றிய அரசு 2022 பிப்ரவரியில் தொடங்கிய ‘சீட்’ திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 200 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. எந்த மாநிலத்து ரேஷன் அட்டைக்கும் எங்கும் அரிசி வாங்கும் வசதி 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. இவையெல்லாம் குடும்பத்துக்கு நல்லவை. கூத்து நடத்த இடமோ அனுமதியோ தருவது எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

அதற்குப் புதிதாக ஒரு துறையோ பெரிய நிதியோ வேண்டாம். வாரிய அடையாள அட்டை வைத்திருக்கும் குழு, மாவட்டத்துக்கு ஒரு முறை விண்ணப்பித்து அந்தப் பருவம் முழுவதற்கும் செல்லும் ஒரே அனுமதியைப் பெற முடிய வேண்டும். அந்த அட்டையைக் காட்டினால் காவல் நிலையத்தில் உட்கார நாற்காலி கிடைக்காவிட்டாலும் விரட்டல் இருக்கக் கூடாது. 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம் பொதுமக்களுக்குச் சேவை அளிப்பவர்களையும் உள்ளடக்குகிறது. நகரங்களின் விற்பனைக் குழுக்கள் வித்தைக்காரர்களுக்கும் இடம் குறிக்க அந்த வரையறை போதும். சுகாதாரம், வாக்குரிமை, போதை ஒழிப்பு என்று பிரசாரத்துக்குக் கூத்துக்காரரைக் கூப்பிடும் துறைகள், கூத்து முடிந்த இரவே கூலியைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஊருக்குப் போய்விட்ட குடும்பத்தை நிலுவைத் தொகைக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய விடுவதில் ஒரு பயனும் இல்லை.

இடத்துக்கு வழி ஊராட்சியிடமே இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மே 1 கூட்டம் நடக்கும் நேரம் அறுவடை ஓய்ந்த, கூத்துக்குத் தோதான காலம். ஊரில் எந்தப் புறம்போக்கு, எந்தப் பள்ளி மைதானம், கோடை விடுமுறையில் எத்தனை நாள், குடிதண்ணீரும் ஒரு மின் இணைப்பும் கழிப்பறையும் எங்கிருந்து, இரவு எத்தனை மணி வரை என்று நாலு வரித் தீர்மானம் போட்டு ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். ஊர் முன்கூட்டியே முடிவு செய்த நேரம் என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வருத்தம் இருக்காது, கூத்துக்காரரும் யார் காலையும் பிடிக்க வேண்டியிருக்காது. வரும் மே மாதக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதைச் சேர்க்கச் சொல்லி ஊராட்சித் தலைவரிடம் ஒரு மனு கொடுக்க, கூத்துப் பார்க்க ஆசைப்படும் யாருக்கும் உரிமை உண்டு.