குழாயா? கத்தியா?

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லியைத் தேடுவோர் விழுப்புரத்திலும் உண்டு, திண்டிவனத்திலும் உண்டு. ஆனால், எல்லாக் காமாலையும் ஒன்றல்ல.

நாள்பட்ட கணைய அழற்சியில் கணையத்தின் தலைப்பகுதி தடித்து இறுகும். அதன் ஊடே செல்லும் பித்தக் குழாய் நெரிபடும். பித்தம் தேங்கும். கண் மஞ்சளாகும். பச்சிலையால் இந்த நெருக்கம் விலகாது.

வழி இரண்டு. ஒன்று, எண்டோஸ்கோப்பை வாய் வழியே செலுத்தி, சுருங்கிய இடத்தில் ‘ஸ்டென்ட்’ என்ற சிறு குழாயை வைப்பது. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. ஆனால், பிளாஸ்டிக் குழாயைச் சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெரும்பாலும் ஓராண்டு வரை. கணையத்தில் சுண்ணாம்புக் கல் படிந்திருந்தால் பலன் குறையலாம்.

மற்றொன்று அறுவைச் சிகிச்சை. பித்தக் குழாயைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். தொடக்கத்தில் ஆபத்து அதிகம். பலன் நெடுநாள் நிற்கும். ஈரல் கெட்டவருக்கு இது ஏற்காமல் போகலாம்.

அன்றாடக் கூலிக்காரர், உடம்பு தேறியதும் மறுதேதியை மறந்துவிடுகிறார். குழாய் அடைத்துச் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து!

ஆகவே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போனாலும், புதுவை ஜிப்மருக்குப் போனாலும், “எது சுலபம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எத்தனை முறை வர வேண்டும்?” என்றும் கேளுங்கள். டாக்டர்களும், “உங்களால் வர முடியுமா?” என்று கேட்டே முடிவு செய்ய வேண்டும். அந்த ஒரு கேள்வி, உயிர் காக்கும்.