மூட்டு மாற்று ஆபரேஷனா? ரத்தப் பரிசோதனையை இப்பவே பண்ணிடுங்க!

வீட்டில் அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றதும், “ரத்தம் கொடுக்க ஆள் ரெடி பண்ணணுமா?” என்பதுதான் பலருக்கும் எழும் முதல் கேள்வி. ஒருகாலத்தில் அது நியாயமான பயம்தான். முழங்கால் மூட்டை மாற்றும்போது வெளியே தெரிவதைவிட உள்ளே, தசைகளுக்குள் கசியும் ரத்தமும் அதிகம். இன்று நிலைமை நிறைய மாறியிருக்கிறது.

அதற்கு முக்கியக் காரணம் டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மருந்து. அடிபட்ட இடத்தில் நம் உடல் ரத்தத்தை உறையவைக்கும். பிறகு அந்த உறைவை அதுவே கரைக்கவும் செய்யும். அந்தக் கரைப்பு வேலையைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுகிறது இந்த மருந்து. ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுக்கலாம். மூட்டுக்குள் நேரடியாகவும் செலுத்தலாம்.

ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962-ல் இந்த மருந்தைப் பற்றி வெளியிட்டார்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கால் தாய்மார்கள் இறப்பதைத் தடுப்பதே அவர்களின் நோக்கம். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் உடாகோ. அவர் 2016-ல் மறைந்தார். பிரசவ ரத்தப்போக்கில் இந்த மருந்து உயிர் காக்கிறது என்று சுமார் 20,000 பெண்களிடம் நடந்த ஆய்வு உறுதிசெய்தது 2017-ல்!

சரி, நம் பங்கு என்ன?

* ஹீமோகுளோபின்: பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஆபரேஷனுக்கு நாலு முதல் ஆறு வாரங்கள் முன்பே பரிசோதித்தால் சரிசெய்ய நேரம் கிடைக்கும். முந்தைய நாள் தெரிந்தால் ரத்தம் ஏற்றுவதோ தேதியைத் தள்ளுவதோதான் வழி.

* வலி மாத்திரை: மூட்டுவலிக்காக வருடக்கணக்கில் போடும் சில மாத்திரைகள் வயிற்றில் புண்ணாக்கி, தெரியாமலேயே ரத்தம் கசியவைக்கும். மலம் கறுப்பாகப் போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

* இரும்புச்சத்து மாத்திரை: டீ, காபியுடன் சேர்த்துப் போடாதீர்கள். மாத்திரையின் சத்து உடலில் சேருவதை அவை குறைத்துவிடும்.

* இதய மாத்திரை: ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது ஆபத்தில் முடியலாம்.

* பழைய பிரச்னைகள்: காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தது, வலிப்பு, கிட்னி கோளாறு... எது இருந்தாலும் மறைக்காதீர்கள். டிரானெக்ஸாமிக் ஆசிட் கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை டாக்டர் இதைவைத்துத்தான் முடிவு செய்வார்.

“வயசானாலே சோர்வுதான்” என்று பாட்டியின் களைப்பைத் தள்ளிவிடாதீர்கள். அது ரத்தசோகையாகவும் இருக்கலாம். ஆபரேஷன் தேதி குறித்த அன்றே டாக்டரிடம் கேளுங்கள்: “ஹீமோகுளோபின் போதுமா? ரத்த இழப்பைக் குறைக்க என்ன செய்யப்போறீங்க?”