சேமித்தது எங்கே?

நாற்பது மணி நேரம் ஆடிய ஆட்டம் ஒரே தட்டலில் அழியுமா? தாராளமாக.

2004இல் ஜப்பானில் அறிமுகமான சோனியின் பிஎஸ்பி என்ற கையடக்க விளையாட்டுக் கருவி இப்போது கடைகளில் இல்லை. அதன் வேஷத்தைச் செல்போனில் கட்டுகிறது, 2012இல் வந்த பிபிஎஸ்எஸ்பிபி (வாயில் நுழையாத பெயர்தான்) என்ற இலவச சாஃப்ட்வேர். பழைய கருவியின் சிஸ்டம் ஃபைல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த வேலையை இதுவே பார்த்துக்கொள்கிறது.

தலைவலி சேமிப்பில். ஆட்டத்துக்குள்ளேயே சேமித்தால் 'சேவ்டேட்டா' ஃபோல்டரில் பதிவாகும். அசல் பிஎஸ்பிக்கே கொண்டுபோகலாம். 'சேவ் ஸ்டேட்' வேறு ரகம்: அந்த நொடியில் மெமரியில் இருப்பதை அப்படியே அள்ளி வைப்பது. சௌகரியம்தான், ஆனால் சாஃப்ட்வேரின் அடுத்த பதிப்பு அதைத் திறக்க மறுக்கலாம். அதை மட்டும் நம்புவது ரசீது வாங்காமல் சீட்டுக் கட்டுவது மாதிரி.

2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11, செயலிகள் போனில் கண்ட இடத்தில் எழுதுவதற்குக் கடிவாளம் போட்டது. செயலியின் சொந்த இடத்திலேயே சேமித்தால், செயலியை நீக்கும்போது சேமிப்பும் போய்விடும். முதல்முறை திறக்கும்போது இடம் கேட்கும். அவசரப்படாமல், தனி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கிக் காட்டுங்கள். அவ்வப்போது அதை கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள், முக்கியமாக போன் மாற்றுவதற்கு முன்.