டியூபில் என்ன மாட்டுவது என்று கேட்ட பிள்ளைகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

டென்வரில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் மீன்பிடிக்க மிதவை டியூப் ஒன்று வாங்கியிருக்கிறார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், 94 செட்டுக்குத் தெரியும். நடுவில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டு, காலில் துடுப்புச் செருப்பு மாட்டிக்கொண்டு பின்பக்கமாகவே உதைத்துப் போகிற வண்டி அது. நம் குழுவில் படம் போட்டு, தூண்டில் தாங்கி, மீன் இருக்கும் இடம் காட்டும் கருவி, காபி டம்ளர் வைக்க ஒரு வளையம் எல்லாம் மாட்டியாகிவிட்டது, இன்னும் என்ன மாட்டலாம் சார் என்று கேட்டிருந்தார். ஆளாளுக்கு யோசனை சொன்னீர்கள். பாட்டுப் பெட்டி மாட்டச் சொன்னவரும் உண்டு. லைஃப் ஜாக்கெட் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதே வாரம் நம் ஊர்ப் பக்கத்துக் கண்மாயில் லாரி டியூபில் உட்கார்ந்து வலை வீசுகிறவர்களின் வீடியோவை இன்னொருவர் போட்டிருந்தார். 'கெத்து' என்று அதற்குக் கீழே முப்பது பேர்.

இரண்டையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். அங்கே இருப்பதும் இங்கே இருப்பதும் ஒரே வண்டிதான். அது கடையில் வாங்கியது, இது பஞ்சர் கடையில் ஒட்டுப்போட்டு வாங்கியது. இரண்டிலும் மாட்டுகிற வரிசை தலைகீழாக இருக்கிறது. மீனுக்கு வேண்டியதை முதலில் மாட்டுகிறோம், மனுஷனுக்கு வேண்டியதைக் கடைசியில் மாட்டுகிறோம், பெரும்பாலும் மாட்டுவதே இல்லை. என் கட்சி இதுதான்: ஆள் மிதக்க ஒன்று, டியூப் போனாலும் மிதக்க ஒன்று, கூப்பிட ஒன்று, அறுக்க ஒன்று. இந்த நாலும் இருந்தால் ஐந்தாவதாக எது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள், பாட்டுப் பெட்டி உட்பட.

ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்திய ஆர்க்கிமிடீஸை ஒரு நிமிஷம் கூப்பிடுவோம். பெரிய லாரி டியூப் ஒன்றை ஊதி வைத்து அளந்தால், குழாயின் குறுக்களவு சுமார் 28 சென்டிமீட்டர், வளையத்தின் நடுக்கோட்டு விட்டம் சுமார் 74 சென்டிமீட்டர் வரும். பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 140 லிட்டர். அதாவது முழுக்க அமுங்கினால் 140 கிலோவைத் தாங்கும். 70 கிலோ ஆள், ஈர வலை, குறுக்குப் பலகை, பிடித்த மீன் எல்லாம் சேர்த்து 100 என்று வைத்தாலும் தாராளம். இந்தத் தாராளம்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஏனென்றால் அந்த 140 லிட்டரும் ஒரே பையில் இருக்கிறது. முள் ஒன்று ஏறினால் 140-ம் போகும். பாதி போய்ப் பாதி நிற்கும் என்கிற பேச்சே கிடையாது.

நம் கண்மாய்களில் முள்ளுக்கா பஞ்சம்? கோடையில் வற்றிக் கிடக்கும்போது உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் ஏறிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வந்தால் அந்த மரங்கள் அப்படியே முங்கி நிற்கும். மேலே பார்த்தால் தெளிந்த தண்ணீர், ஒரு முழத்துக்குக் கீழே முள் கொப்பு. அது போதாதென்று வலையில் வருகிற கெளுத்தியின் முள், ஜிலேபியின் முதுகுச் செதிள் முள். டியூபின் சொந்த வால்வே ஒரு ஆயுதம்தான். அந்தப் பித்தளைத் தண்டைச் சாக்குத் துணியால் சுற்றிக் கட்டாமல் உட்கார்ந்தவர்களின் தொடையைக் கேட்டுப் பாருங்கள்.

இதற்குக் கடைக்காரர்கள் கண்ட வழி சுலபமானது. நல்ல மிதவை டியூப்களில் முதுகு சாயும் இடத்தில் தனியாக ஒரு காற்றுப் பை இருக்கும். பெரிய பை போனாலும் சின்னது ஆளைக் கரைக்குக் கொண்டுவரும். இரட்டைக் குழல் படகுகளில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நம் ஊர் லாரி டியூபுக்கும் இதைச் செய்யலாம், காசு கிட்டத்தட்டக் கிடையாது. திருகு மூடி போட்ட 5 லிட்டர் எண்ணெய் கேன்கள் நாலு எடுத்து, மூடியை இறுக்கி, பலகைக்கு அடியில் கயிற்றால் கட்டிவிடுங்கள். 20 லிட்டர் காற்று, ஏறக்குறைய 20 கிலோவைத் தூக்கும். தண்ணீர் கேன் வேண்டாம், அந்த அமுக்கு மூடி சமயத்தில் கழன்றுவிடும். பக்கத்து ஊர்க் கண்மாயில் கூலிக்கு வலை போடும் நம் பள்ளிப் பிள்ளை ஒருவர் போன வருஷம் நடுத் தண்ணீரில் டியூப் கிழிந்து, பலகையில் கட்டியிருந்த காலிக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் கலுங்குப் பக்கம் கரையேறினார். அவர் அந்தக் கேனைக் கட்டியது குடிக்கக் கஞ்சித் தண்ணீர் கொண்டுபோக. குடித்து முடித்திருந்தது நல்லதாகப் போயிற்று.

கேன் இருக்கிறதே, ஜாக்கெட் எதற்கு என்று கேட்பீர்கள். கேனைப் பிடிக்கக் கை வேண்டும், நினைவு வேண்டும். ஜாக்கெட்டுக்கு இரண்டும் வேண்டாம். தண்ணீருக்குள் மனித உடம்பின் எடை மிகக் குறைவு. தலையை மட்டும் வெளியே வைக்கச் சில கிலோ போதும். அதனால்தான் அமெரிக்காவில் பெரியவர்களுக்கான சாதாரண ஜாக்கெட்டுக்கு 15.5 பவுண்டு, அதாவது 7 கிலோ மிதப்பு போதும் என்று வைத்திருக்கிறார்கள். சில ஜாக்கெட்டுகளில் நியூட்டன் கணக்குப் போட்டிருக்கும். 50 என்றால் நீச்சல் தெரிந்தவருக்கு, உதவி அருகில் இருக்கும் இடத்துக்கு. நீச்சல் தெரியாதவர் கண்மாய், ஏரி போன்ற அடங்கிய தண்ணீருக்குப் போனாலும் 100 பார்த்து வாங்குங்கள்.

நம் ஆட்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். 'எனக்கு நீச்சல் தெரியும் சார்.' தெரியட்டும். டியூபில் உட்கார்ந்தவனின் கால் எப்போதும் தண்ணீருக்குள் தொங்குகிறது. அவன் போட்ட நைலான் நரம்பு வலையும் அதே தண்ணீருக்குள் தொங்குகிறது. காற்று ஒரு சுழற்று சுழற்றினால் வலை காலைச் சுற்றும். வலை சுற்றிய காலோடு யாருக்கும் நீச்சல் வராது. இதற்குத்தான் நாலாவதாக அறுக்க ஒன்று என்றேன். சின்னக் கத்தி, மடக்காதது, உறையோடு, நெஞ்சுப் பக்கம் கயிற்றில். இடுப்பில் வைத்தால் தண்ணீருக்குள் குனிந்து தேட வேண்டும். வலைக்கயிற்றையோ நங்கூரக் கயிற்றையோ உடம்பில் சுற்றவே கூடாது. டியூபில் கட்டுங்கள், ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாக.

'ஜாக்கெட் போட்டால் கை ஓடாது, வேர்க்கும்' என்பது இரண்டாவது பதில். இதில் நியாயம் இருக்கிறது. சுற்றுலாப் பரிசல்களில் கொடுக்கிறார்களே, கழுத்து வரை முட்டும் ஆரஞ்சு மூட்டை, அதைப் போட்டுக்கொண்டு வலை இழுக்க முடியாதுதான். மீன்பிடிக்கவென்றே தோள் பக்கம் அகலமாக வெட்டிய ஜாக்கெட்டுகள் வந்துவிட்டன. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது டென்வர் தம்பிக்கு. உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம். நீங்கள் போகிற மலை ஏரிகள் 9,000 அடிக்கு மேலே. வீட்டிலேயே டியூபைத் திண்ணென்று ஊதிக் காரின் தலையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். அந்த ஏற்றத்தில் உள்ளே இருப்பது சுமார் 15 சதவீதம் விரியப் பார்க்கும். உறை விரிய விடாது. தையல் எங்கே பலவீனமோ அங்கே போகும். ஏரிக்கரையில் ஊதுங்கள். ஊதியதும் தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். 30 டிகிரி வெயிலில் ஊதிய காற்று 10 டிகிரித் தண்ணீரில் 6, 7 சதவீதம் சுருங்கும். தொய்ந்ததை மறுபடி நிரப்பிய பிறகு உட்காருங்கள். மதியம் கரையேறிச் சாப்பிடும்போது அதை வெயிலில் போடாமல் நிழலில் போடுங்கள், இப்போது கணக்கு எதிர்ப்பக்கம் ஓடும். பத்தாம் வகுப்பில் நீங்கள் இந்தக் கணக்கைக் கெல்வினுக்கு மாற்றாமலே போட்டது நினைவிருக்கிறது.

அந்தக் குளிர்தான் உங்களுக்கு எமன், ஆழம் அல்ல. பனி உருகிய தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதல் ஒரு நிமிஷம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, வாயைத் திறந்து இழுக்கும். அந்த இழுப்பில் தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. அதைத் தாண்டினாலும் பத்து நிமிஷத்துக்குள் கைவிரல் சொன்னபடி கேட்காது. விழுந்த பிறகு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்பது அதனால்தான் நடக்காத காரியம். உட்காரும் இடத்துக்குப் பின்னால் மடித்துச் செருகிய ஜாக்கெட் பாரம்தான்.

நீங்கள் போடும் நெஞ்சு வரை வரும் ரப்பர் கால்சட்டையைப் பற்றி ஒரு பயம் உலவுகிறது, தண்ணீர் புகுந்தால் கல்லாக இழுத்துப்போய்விடும் என்று. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லையப்பா. இழுக்காது. ஆனால் நீந்த விடாது, கரையேறும்போது அத்தனை எடையும் காலில் நிற்கும். இடுப்பில் பட்டை போட்டு இறுக்கினால் புகுவதே மெதுவாகும். அந்தப் பட்டை இல்லாமல் இறங்க வேண்டாம்.

காற்று விஷயத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே பாடம். காலால் உதைக்கும் டியூப் காற்றை எதிர்த்து வெகுதூரம் போகாது. முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்த பிறகு காற்று உங்களைத் திரும்பக் கொண்டுவரும். பலர் காற்றோடு ஜாலியாகப் போய்விட்டு அக்கரையில் நின்று போன் பண்ணுகிறார்கள். இரட்டைக் குழல் படகில் துடுப்பு உண்டு, ஆனால் ஆள் தண்ணீருக்கு மேலே உயரமாக உட்காருவதால் காற்றும் அதிகம் பிடிக்கும். ஆடிக்காற்றில் நம் பக்கத்து அணைகளில் பரிசல்காரர்களே யோசித்துத்தான் இறங்குவார்கள், டியூப் எம்மாத்திரம்?

கூப்பிட ஒன்று என்றது விசில். நம் பி.டி. சார் கழுத்தில் கிடக்குமே, அதேதான், பிளாஸ்டிக்கில். மூன்று முறை ஊதினால் உதவி என்று அர்த்தம். நனையாத உறையில் போன். தலையில் பளிச்சென்ற தொப்பி, தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் மோட்டார் படகுக்காரன் கண்ணில் படமாட்டான். மீன் காட்டும் கருவியின் பேட்டரி கனமாக இருந்தால் ஒரு பக்க ஓரத்தில் கட்டாதீர்கள், சாயும். தூண்டில் முள் எப்போதும் டியூபைப் பார்க்காத திசையில். அவ்வளவுதான், கருவிகளைப் பற்றி எனக்கு ஆர்வம் இல்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். டென்வர் தம்பி ஆசைக்குப் போகிறார். நம் கண்மாயில் டியூபில் இறங்குகிறவர் கூலிக்குப் போகிறார். மீன் ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கக் கணக்கு வைக்கிறார், தீவனத்துக்கு வைக்கிறார், ராத்திரிக் காவலுக்கு வைக்கிறார், ஐஸ் பெட்டிக்கு வைக்கிறார். இறங்குகிற ஆறேழு பேருக்கு ஜாக்கெட் என்று ஒரு வரி அந்தக் கணக்கில் நான் பார்த்ததில்லை. ஏல நிபந்தனையிலேயே அதை எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து: ஜாக்கெட் இல்லாமல் ஆளை இறக்கினால் குத்தகை ரத்து. பரிசலும் வலையும் மானியத்தில் கொடுக்கும்போது ஜாக்கெட்டை அதே மூட்டையில் கட்டிக் கொடுக்க வேண்டும். தனி விண்ணப்பம், தனிப் பங்குத்தொகை என்றால் எவரும் போய் நிற்கமாட்டார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு யார் போவார்?

உங்களில் இரண்டு பேர் ஊராட்சியில் இருக்கிறீர்கள், ஒருவர் மீன்வளத் துறையில் இருக்கிறார். படித்துவிட்டு லைக் மட்டும் போட்டுப் போக வேண்டாம், ஏல நோட்டீஸ் எழுதும்போது என்னைக் கூப்பிடுங்கள், வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்.

அதுவரைக்கும் நம் கண்மாயில் இந்தத் தையில் இறங்கப்போகிற ஏழு பேருக்கு நாமே வாங்கலாம் என்று நினைக்கிறேன். மார்புச் சுற்றளவு எடுத்து வைத்திருக்கிறேன்: 34-ல் மூன்று, 36-ல் மூன்று, 42-ல் ஒன்று. அந்த 42 யார் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதுரையில் இருப்பவர்கள் கடையில் நேரில் போய்க் கைத்துவாரம் அகலமாக இருக்கிறதா, முன்பக்கக் கொக்கி ஈரக்கையால் மாட்ட வருகிறதா என்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் படம் பார்த்து அனுப்பிவிடாதீர்கள்.