பாகற்காய் இன்சுலின் ஆகாது

நீரிழிவு வந்த நாய்க்குத் தினமும் ஊசி போடுவது கொடுமை, பாகற்காய்ச் சாறும் மனிதருக்கான சர்க்கரை மாத்திரையும் போதும் என்ற வாதம் நாயின் உடலை அறியாதது. நாய்க்கு வருவது பெரும்பாலும் கணையத்தின் பீட்டா செல்கள் அழிவதால் வரும் நோய். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் அந்தச் செல்களை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. செல்லே இல்லாதபோது எதை உசுப்புவது? போவன்பள்ளிக் காய்கறிச் சந்தையில் வந்திறங்கும் பாகற்காய் முழுவதையும் அரைத்து ஊற்றினாலும் இல்லாத இன்சுலின் வராது. 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினின் பலனைக் கண்டதே கணையம் அகற்றிய நாய்களிடம்தான்.

கொடுமை எது? ஊசியில்லாத நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், தின்றும் இளைக்கும். சில மாதங்களில் கண்புரை விழுந்து சுவரில் முட்டும். இரத்தத்தில் கீட்டோன் ஏறினால் வாந்தியெடுத்துச் சாகும். ஊசி முனையோ மிக மெல்லியது. உண்டு முடித்ததும் தோலை மடித்துப் போட்டால் பெரும்பாலான நாய்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சர்க்கரை திடீரென இறங்கிவிடும் என்ற அச்சம் மட்டும் நியாயமானது. அதற்கு ஒழுங்குதான் காவல்: 12 மணி நேர இடைவெளியில் இருவேளை, சாப்பிட்ட பிறகே ஊசி. நாய் தள்ளாடினால் ஈறில் தேனோ குளுக்கோஸோ தடவி, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். இந்திய மருந்துக்கடைகளில் விற்கும் இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டது. அதற்கு 100 அலகு சிரிஞ்சை எடுத்தால் மருந்து இரண்டரை மடங்கு குறையும். 100 அலகுக் குப்பிக்கு 40 அலகு சிரிஞ்சை எடுத்தால் அதே மடங்கு கூடும்.

கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு இனச்சேர்க்கைப் பருவத்துக்குப் பின் வரும் நீரிழிவு, சூலகத்தை அகற்றினால் சில சமயம் தணிவதுண்டு. அதுவரை அதற்கும் இன்சுலின்தான்.